வண்டின் இடது பக்கத்தில் மஞ்சள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பசியாறிவிட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் கவிதா. நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் மலாக்கா கிளையில், நான் ஓய்வு பெற்றதும் என் மேசைக்கு வந்தவர். படத்தில் உருளைக்கிழங்கு வறுவல் அடைத்து வரும் நீண்ட அட்டைக் குழல் ஒன்று இருந்தது. அதன் நுனியில் பூத்தையல் போடும் மர வளையம். வளையத்தில் இறுக்கிய வெள்ளைத் துணி. துணியின் நடுவில் ஓட்டை.

"அங்கிள், ஸ்டோர் கிளியர் பண்றோம். இது என்னா சாமான்? பெட்டி மேல 'வேறு வழி'ன்னு எழுதியிருக்கு. வீசிரலாமா?"

வீசாதே, விவரம் எழுதி அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். அந்த விவரம் கைப்பேசியில் அடங்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

இப்போது கிளையில் யாரும் கேமராவைத் தொடுவதில்லை. கைப்பேசியில் மாட்டும் சின்ன லென்ஸ் ஒன்று, அதைச் சுற்றி எரியும் விளக்கு வளையம் ஒன்று. இணையத்தில் சொன்னால் மூன்று நாளில் வாசலுக்கு வந்துவிடுகிறது. படம் எடுத்ததும் ஒரு செயலி பூச்சியின் பெயரையும் சொல்லிவிடுமாம். கவிதாவின் கட்டைவிரல் நகத்தை அது ஒருமுறை கரப்பான் முட்டை என்று சொன்னது. மற்றபடி நல்ல செயலி என்கிறார்.

நான் பூச்சிகளிடம் வந்தது ஒரு தமிழ்ப் பத்திரிகை வழியாக. அலோர் காஜா வட்டாரத்துக்குப் பகுதிநேரச் செய்தியாளராக ஒன்பது வருடம் இருந்தேன். கோயில் திருவிழா, தோட்டப் பள்ளிப் பரிசளிப்பு, சங்கக் கூட்டம் என்று செய்தியும் நானே, படமும் நானே. ஆசிரியர் எனக்குக் கற்றுத் தந்தது ஒன்றுதான்: படத்தில் இருப்பதை மட்டும் படக்குறிப்பில் எழுது, இல்லாததை எழுதாதே. கற்காமல் தெரிந்துகொண்டது இன்னொன்று. ஒருமுறை இறந்தவர் படத்துக்குப் பதிலாக, இரங்கல் தெரிவித்தவரின் படத்தைப் போட்டுவிட்டோம். மறுநாள் எட்டாம் பக்கத்தின் அடியில் மூன்று வரியில் திருத்தம் வந்தது. அதை யாரும் படிக்கவில்லை. அந்த மனிதர் மூன்று மாதம் சந்தையிலும் கோயிலிலும் தான் உயிரோடு இருப்பதை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு பத்திரிகை பகுதிநேரக்காரர்களைக் குறைத்தது. நான் முதுகில் மருந்துத் தெளிப்பானைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் நிறுவனம் வீடுகளில் கறையானையும் உணவகங்களில் எலியையும் பார்த்துக்கொள்ளும். இவற்றைத் தவிர நுட்பமான வேலை ஒன்று உண்டு. உணவுத் தொழிற்சாலையின் பொட்டலத்தில் வாடிக்கையாளர் யாராவது பூச்சியைக் கண்டால், தொழிற்சாலை அந்தப் பூச்சியை எங்களிடம் தரும். அது என்ன பூச்சி, எங்கே வாழ்வது என்று நாங்கள் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தால் விலாசம் தெரியும். விலாசம் தெரிந்தால் யார் வேலை போகும் என்பதும் தெரியும். பெயர் சொல்லும் அதிகாரம் தலைநகரில் இருந்த பூச்சியியல் டாக்டருக்கு மட்டுமே. அவர் மலாக்காவுக்கு வருவதில்லை. அவருக்குத் தெரிந்த மலாக்காப் பூச்சியெல்லாம் நாங்கள் அனுப்பும் படங்கள்தான். எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியும் என்பது வெளியே வந்ததும் தெளிப்பான் என் முதுகிலிருந்து இறங்கியது.

கிளை மேலாளர் திரு. சற்குணம். ஒல்லியானவர். அரைக்கைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா: கையெழுத்துக்கு நீலம், கேள்விக்குப் பச்சை. அவர் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. எதைக் கேட்டு விண்ணப்பம் வைத்தாலும் மறுநாள் அது பச்சை மையில் ஒரு கேள்வியோடு திரும்பி வரும். மற்றவர்களுக்கு மலாயில் எழுதுவார். நான் தமிழ்ப் பத்திரிகையிலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு மட்டும் தமிழில்: "வேறு வழி உண்டா?" ஏணி கேட்டேன், வந்தது. கையுறை கேட்டேன், வந்தது. என் மாமனார் இறந்ததற்கு வைத்த விடுப்பு மனுவிலும் அதே கேள்வி வந்தது. அரை மணியில் அவரே என் மேசைக்கு வந்து, "சேகரன், பழக்கதோஷம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி, அதை நீல மையால் அடித்துவிட்டுப் போனார்.

ஆகவே பூச்சிப் படத்துக்குத் தனி விளக்கு வேண்டும் என்று நான் கேட்டபோது என்ன வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் கேமராவோடு பிறந்த ஃபிளாஷையே பயன்படுத்தினேன். லென்ஸைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் அது உருப்பெருக்கி ஆகிவிடும். அதற்கு ஒரு உலோக வளையம் போதும். ஆனால் அப்போது லென்ஸின் மூக்கு பூச்சியை முட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஃபிளாஷ் வெளிச்சம் லென்ஸுக்கு மேலே வீணாகப் போகும். வந்து விழுகிற கொஞ்சமும் ஊசியாக விழும். முதல் படத்தைப் பார்த்த சற்குணம் சார், "இது வண்டா, பல்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பளபளப்பான வண்டு ஒரு கண்ணாடி. அது தன்னைக் காட்டுவதைவிட, தன் எதிரே இருக்கும் விளக்கைத்தான் காட்டும். விளக்கு சிறியதானால் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், மிச்சமெல்லாம் இருட்டு. விளக்கு பெரியதாகவும் பக்கத்திலும் இருந்தால் ஒளி முதுகு முழுக்க மெல்லப் படரும்; ரோமம், வரி, குழி எல்லாம் தெரியும். பெரியது என்றால் எவ்வளவு பெரியது? மூன்று மில்லிமீட்டர் வண்டுக்கு ஒரு சாண் துணியே வானம்.

அந்த வானத்தைத் தேடி ஆறு மாதம் அலைந்தேன். வறுவல் குழலுக்குள் அலுமினியத் தாள் ஒட்டி, ஃபிளாஷ் வெளிச்சத்தை லென்ஸ் மூக்கு வரை கொண்டு வருவது முதல் நாளே கைகூடிவிட்டது. அந்த வெளிச்சத்தை எதன் வழியாக வடிகட்டுவது என்பதுதான் சிக்கல். படம் வரையும் மெல்லிய தாளைக் கட்டினேன். நம் ஊர் ஈரத்தில் அது சுருங்கியது. வண்டின் முதுகில் சுருக்கங்கள் விழுந்தன. வண்டுக்கு வயது அதிகமா என்று டாக்டர் கேட்டார். சாப்பாடு கட்டித் தரும் வெள்ளை நுரைப் பெட்டியின் மூடியை வைத்தேன். பெட்டி செய்த கம்பெனியின் முத்திரை கரப்பானின் தலையில் தலைகீழாகத் தெரிந்தது. சோற்றை ஈ மொய்க்காமல் மூடும் வலைக்கூடையையும் விடவில்லை. ஈக்கு எதிரான பொருளைக் கொண்டே ஈயைப் படம் பிடிப்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி இருந்தது. ஆனால் ஈயின் கண்ணில் சன்னல் கம்பிபோல் கட்டங்கள் விழ, அது சிறைக்கைதி மாதிரி இருந்தது.

கடைசியில் என் பழைய வேட்டி கை கொடுத்தது. நூறு முறை துவைத்த பருத்தி. முத்திரை இல்லை, சுருக்கம் இல்லை, வெளிச்சத்தைப் பால்போல் வடிக்கும். ஒரு சாண் வெட்டி, என் மனைவியின் பூத்தையல் வளையத்தில் இறுக்கி, லென்ஸ் மூக்குக்கு நடுவில் ஓட்டை போட்டு, குழலின் நுனியில் கட்டினேன். பூச்சிக்கு மேலே கூடாரம்போல் துணி நிற்கும். சற்குணம் சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பாத்தீங்களா சேகரன், வேற வழி இருந்திச்சில்ல?" என்றார். சாதனத்துக்கு அன்றே பெயர் கிடைத்துவிட்டது.

நான்கு வருடம் அந்தத் துணி ஒரு புகாருமில்லாமல் உழைத்தது. பிறகு அதை எலி கடித்துவிட்டது. பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஸ்டோரில் எலி. இதை எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை. இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன். ஒரு முழம் துணி வேண்டும் என்று விண்ணப்பம் வைத்தேன். பச்சை மை வந்தது. அந்த வாரம் டுரியான் துங்காலில் மைத்துனர் மகள் கல்யாணத்துக்குக் கட்டிப்போன புது வேட்டி, ஏறி உட்காரும்போது காடிக் கதவில் மாட்டிக் கிழிந்திருந்தது. அதன் கரையில்லாத மூலையை வெட்டி வளையத்தில் போட்டேன்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. புக்கிட் ரம்பாயில் ஒரு பலகாரத் தொழிற்சாலை. முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம் என்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. கோலா சுங்கை பாருவில் ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே ஒரு வண்டு. முகநூலில் படம் போட்டு, "இறைச்சி சேர்த்ததற்குத் தனிக் கட்டணம் உண்டா?" என்று எழுதிவிட்டார். தொழிற்சாலை மேலாளர் திரு. கோ, அந்த வண்டை மாத்திரைப் புட்டியில் போட்டு எங்களிடம் அனுப்பினார்.

வண்டு முழுதாக இல்லை. பொட்டலத்தின் வாயைச் சூடு வைத்து ஒட்டும் இயந்திரம் அதன் பின்பாதியை நசுக்கிவிட்டிருந்தது. உணர்கொம்புகளும் இல்லை. அதாவது வண்டு எண்ணெய்ச் சட்டிக்குப் போகவில்லை, பொட்டலம் கட்டும் இடத்தில்தான் உள்ளே நுழைந்திருக்கிறது. அது மட்டும் உறுதி. நான் வெள்ளைச் சாஸரில் வைத்துப் படம் எடுத்தேன். ஆசிரியர் சொன்னபடி படத்தில் இருப்பதை மட்டும் குறிப்பில் எழுதினேன்: "எஞ்சிய நீளம் இரண்டு மில்லிமீட்டர். கரும்பழுப்பு. இடது இறக்கை உறையில் மஞ்சள் புள்ளி. வலதில் தெளிவில்லை." கைலென்ஸில் பார்த்தபோது புள்ளி தெரியவில்லை. கண்ணுக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். கண்ணுக்கும் படத்துக்கும் சண்டை வந்தால் படத்தின் பக்கம் நிற்பது பத்திரிகைப் பழக்கம்.

வண்டையே டாக்டருக்கு அனுப்பலாம் என்று கூரியர் விண்ணப்பம் வைத்தேன். வேறு வழி இருந்தது. வாட்ஸ்அப்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பழ வண்டு. அழுகும் பழத்தில் வாழ்வது. இறக்கை உறையில் மஞ்சள் புள்ளிகள் அதன் அடையாளம். ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் இருக்கும். கட்டடத்துக்குள் பழம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவும்.

முறுக்குத் தொழிற்சாலையில் பழம் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பொட்டலம் கட்டும் பகுதியின் மூலையில் ஒரு சாமி மேடை. வெள்ளிக்கிழமை தோறும் அதில் ஒரு சீப்பு பீசாங் மாஸ், விரல் நீளச் சின்ன வாழைப்பழம். வைப்பவர் லெட்சுமி. டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருபவர். பதினேழு வருடமாக அங்கே வேலை. பொட்டலம் கட்டும் பெண்களுக்குத் தலைவி. உற்பத்திப் பகுதிக்குள் உண்ணும் பொருள் கொண்டு வரக்கூடாது என்பது சுவரில் மூன்று மொழியில் எழுதியிருக்கும் விதி. அவருக்குக் காரணம் கேட்டுக் கடிதம் போய்விட்டது. அடுத்த வியாழன் விசாரணை. அதற்கு முன் நான் இடத்தைச் சோதிக்கப் போனேன்.

"அண்ணே, நீங்கதான் அந்தப் பூச்சிக்குப் போட்டோ புடிச்சவரா?" என்றார் லெட்சுமி. கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆமாம்மா."

"எங்க கல்யாணத்துக்கே இவ்ளோ கிட்ட வந்து யாரும் புடிக்கலண்ணே. கோ காட்டுனாரு. மூஞ்சி எல்லாம் அழகாத்தான் விழுந்திருக்கு."

"வாழப்பழம் வெக்கிறது உண்மையா?"

"வெக்கிறேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். எட்டு மணிக்கு ஏறும், பத்து மணி பிரேக்குக்கு இறங்கும், பத்தே அஞ்சுக்கு எங்க எட்டுப் பேரு வயித்துல இருக்கும். அழுகறதுக்கு எங்கண்ணே நேரம்? அந்த வண்டு பழம் திங்கணும்னா எங்க கையத் தாண்டித்தான் திங்கணும். இந்த மீனாச்சி கையத் தாண்டி மேலதிகாரியாலயே ஒண்ணும் எடுக்க முடியாது."

பக்கத்தில் நின்ற பெண்மணி பெருமையோடு தலையாட்டினார். சிரிப்பு அடங்கியதும் லெட்சுமி குரலைத் தாழ்த்தினார்.

"சூப்பர்வைசருக்கு என் பேரு மேல போயிருக்குண்ணே. இந்த மாசம்தான். பதினேழு வருசம் கழிச்சு. இப்ப அந்தக் காயிதத்துலயே பூச்சி புடிச்சிருச்சு."

மேடையைச் சுற்றிப் பார்த்தேன். வாழைப்பழத் துண்டு வைத்த பொறிகளை மூன்று நாள் வைத்தேன். ஒரு பல்லி விழுந்தது. பழ வண்டு ஒன்றுகூட இல்லை. இல்லாததும் ஒரு செய்திதான். ஆனால் அதை நான் படிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் மாவு மூட்டைகள். போகவர நான்கு முறை அதைக் கடந்தேன். பழத்தைத் தேடுகிறவன் மாவைப் பார்ப்பதில்லை.

விசாரணைக்கு முதல் நாள் டாக்டர், வலப்பக்கப் புள்ளியும் தெரியும்படி ஒரு படம் கோப்புக்கு வேண்டும் என்று கேட்டார். திரு. கோ அதை விசாரணையிலேயே எல்லோர் முன்னாலும் எடுக்கச் சொன்னார். பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது என்பது அவர் எண்ணம். வியாழக்கிழமை பத்து மணிக்கு, கூட்ட அறையின் நீள மேசையில் 'வேறு வழி'யைப் பரப்பினேன். கேமராவைச் சுவரில் இருந்த பெரிய தொலைக்காட்சியோடு இணைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் கோ. இந்தப் பக்கம் சற்குணம் சார். கடைசி நாற்காலியில், சீருடை இல்லாமல், கோயிலுக்குப் போகும் சேலையில் லெட்சுமி. கோ மலாயில் பேசினார். நான் தமிழில் தருகிறேன்.

வண்டின் தலை மேலே இருக்கும்படி வைத்து ஒரு படம் எடுத்தேன். திரையில் வண்டு பூனை அளவுக்கு நின்றது. இடது பக்கம் மஞ்சள் புள்ளி. பிறகு சாஸரைத் திருப்பித் தலையைக் கீழே கொண்டுவந்து இன்னொன்று எடுத்தேன். இப்போது வண்டின் வலது, படத்தில் இடது. அங்கேயும் புள்ளி.

"ஆக, இரண்டு பக்கமும் உண்டு. உறுதியாகிவிட்டது," என்றார் கோ. சற்குணம் சார் தலையாட்டினார். லெட்சுமி சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் படத்தில் புள்ளி இருந்த தோள், இரண்டாவது படத்தில் சுத்தமாக இருந்தது. பூச்சி திரும்பியிருந்தது, புள்ளி திரும்பவில்லை.

சாஸரைக் கால் வட்டம் திருப்பி மூன்றாவது படம் எடுத்தேன். புள்ளி அதே இடது பக்கம். ஆனால் இப்போது அது வண்டின் கழுத்தில்.

"மூன்று புள்ளியா?" என்றார் கோ.

சற்குணம் சார் தொண்டையைச் செருமினார். "சில பூச்சிங்க நிறம் மாத்தும்."

"செத்த பொறகுமா சார்?" என்றார் லெட்சுமி.

கோ எழுந்து வந்து குனிந்து என் சாதனத்தைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, "திரு. சேகரன், உங்கள் துணி அழுக்காக இருக்கிறது. கறி கொட்டிவிட்டதா?" என்று கேட்டார்.

சற்குணம் சாருக்கு முகம் சிவந்தது. "அது அழுக்கில்ல மிஸ்டர் கோ, அது மஞ்சள்," என்றார். எங்களில் யாரும் புதுத் துணியை அப்படியே உடுத்துவதில்லை என்று மலாயில் விளக்கத் தொடங்கினார். மூலையில் மஞ்சள் தொட்டு வைப்போம், அது மங்கலம், தன் தாயார் பள்ளிச் சீருடைக்கே வைத்தவர், இன்றைக்கும் தன் சட்டைகளின் உள்பக்கம் பார்க்கலாம். சொல்லிக்கொண்டே அவர் சட்டைக் காலரைத் திருப்பியும் காட்டினார். அங்கே இருந்தது. கோ அக்கறையோடு குனிந்து பார்த்தார்.

நான் துணியைப் பார்த்தேன். ஓட்டைக்கு இடது பக்கம், நகம் அளவுக்கு, மங்கலாக மஞ்சள். வெட்டும்போதும் பார்த்திருக்கிறேன். வளையத்தில் இறுக்கும்போதும் பார்த்திருக்கிறேன். மூன்று வாரமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். புதுத் துணி மூலையில் மஞ்சள் இருப்பதை என் கண் ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வண்டு எடுத்துக்கொண்டது.

கடைசி நாற்காலியிலிருந்து லெட்சுமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த வண்டுக்கும் தீவாளித் துணி எடுத்துட்டீங்களா சார்?"

சற்குணம் சார் காலரை மெதுவாக மடித்து விட்டுக்கொண்டார்.

மிச்சம் பத்து நிமிட வேலை. கோவின் காடிச் சாவியை வாங்கி, அதன் கறுப்புப் பிடியைச் சாஸரில் வைத்து எடுத்தேன். இடது பக்கம் மஞ்சள் புள்ளி. "என் சாவியும் பழ வண்டா?" என்றார் கோ. வளையத்தைத் திருப்பினேன், புள்ளி சாவியின் மேலே ஏறியது. துணியைக் கழற்றிவிட்டு மேசையிலிருந்த வெள்ளை டிஷ்யூத் தாளைக் கட்டி வண்டை எடுத்தேன். புள்ளியே இல்லை. முழுக்கப் பழுப்பான, எல்லா மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த, சாதாரண மாவு வண்டு. படத்தை டாக்டருக்கு அனுப்பினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "அதே வண்டுதானா?"

எல்லோரும் எழுந்து தடுப்புப் பலகைக்குப் பின்னால் போனோம். லெட்சுமி அடி மூட்டையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். பழுப்பு வண்டுகள் நான்கு திசையிலும் ஓடின. தீபாவளிச் சரக்குக்கு இடம் பண்ண அந்த மூட்டைகளை அங்கே மாற்றச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கோவே சொன்னார்: "நான்தான்." அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஆனால் பழ வண்டு என்ற எங்கள் முதல் அறிக்கை அவர்களுடைய தலைமையகக் கோப்பில் இருந்தது. எங்கள் எழுத்தில் திருத்தம் போகாமல் லெட்சுமியின் மேலிருந்த குற்றச்சாட்டை எடுக்க முடியாது; சூப்பர்வைசர் பதவியும் நகராது. திரும்பும் வழியில் சற்குணம் சார் காடியை ஓட்டிக்கொண்டே யோசித்தார்.

"சேகரன், 'ஒளியமைப்பில் ஏற்பட்ட சிறு மாறுபாடு காரணமாக'ன்னு ஆரம்பிச்சு, 'மறுபரிசீலனைக்கு இடமுண்டு'ன்னு முடிச்சிரலாம். நம்ம பேரும் கெடாது லா."

எனக்கு எட்டாம் பக்கத்து மூன்று வரியும், உயிரோடிருந்த அந்த மனிதரும் ஞாபகம் வந்தார்கள். அன்று மாலை நான் எழுதியது இது: "பூச்சியின் மேல் மஞ்சள் புள்ளி இல்லை. புள்ளி எங்கள் விளக்குத் துணியில் இருந்தது. அது மஞ்சள் தூள். துணியைப் பொருத்தியவர் சேகரன். பூச்சி மாவு வண்டு. மாவு மூட்டையிலிருந்து வந்தது. லெட்சுமி வைத்த பழத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. முந்தைய அறிக்கை தவறு."

மறுநாள் காலை அது என் மேசைக்குத் திரும்பி வந்தது. அடியில் பச்சை மை. வேறு வழி உண்டா?

அத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியதில்லை. போய் வேறு வழியைத் தேடுவதே பதில். அன்று அதற்குக் கீழே "இல்லை" என்று எழுதி, நானே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார்.

அதற்குப் பிறகு பழைய கோப்பைப் புரட்டினேன். புதுத் துணி போட்ட மூன்று வாரத்தில் எடுத்த பதினோரு பூச்சிகளுக்கும் இடப்பக்கம் மஞ்சள். ஒரு கட்டெறும்புக்கும் இருந்தது. ஒவ்வொன்றிலும் நான் அதை ஒழுங்காகக் குறித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் திருத்தம் அனுப்பினேன். டாக்டர், மலாக்கா மாநிலப் பூச்சிகளின் இடப்பக்க மஞ்சளுக்கென்று ஒரு தனிக் கோப்பே திறந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "வருத்தமாக இருக்கிறது," என்று ஒரு வரி எழுதினார்.

கோ ஒரு கடைசி வேலை கொடுத்தார். சாமி மேடை இருக்கட்டும். ஆனால் எதைப் படைத்தால் பூச்சி வராது என்று எழுத்தில் வேண்டும் என்றார். சற்குணம் சார் மிகுந்த கவனத்தோடு பட்டியல் தயாரித்தார். சர்க்கரைப் பொங்கல்: கூடவே கூடாது. வாழைப்பழம்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தேங்காய்: உடைக்காமல். கற்பூரம்: பூச்சிக்கு ஆகாது, ஆகவே சிறப்பு; ஏற்றுவதற்குத் தீயணைப்பு அனுமதி தேவை. அந்தப் பட்டியல் சட்டம் போட்டு மேடைக்குப் பக்கத்தில் தொங்கியது. லெட்சுமி சூப்பர்வைசரான முதல் வெள்ளிக்கிழமை, சாமிக்கு முன்னால் ஒரு முழுத் தேங்காய் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வாழைப்பழம். அதன் மேல் ஒட்டிய சீட்டில் ஏறிய நேரம், இறங்கும் நேரம்.

அன்று அவர் என் வளையத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "உங்க கிட்ட வேட்டிய நம்பிக் குடுக்க முடியாதுண்ணே" என்றார். அடுத்த வாரம் புது மல்துணி போட்டு, ஓரத்தை மடித்து வளையத்தோடு சேர்த்துத் தைத்து, ஓட்டையைச் சுற்றிப் பூத்தையலும் போட்டுக் கொண்டுவந்தார்.

"மஞ்ச வெக்கலியே?"

"வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. ஏதாச்சும் தெரியுதா?"

சன்னலில் தூக்கிப் பார்த்தேன். ஓரம் முதல் ஓரம் வரை வெள்ளை. ஓய்வு பெறும்வரை அந்தத் துணியில்தான் எடுத்தேன். ஒவ்வொரு பூச்சியையும் ஒருமுறை நேராகவும் ஒருமுறை திருப்பியும். ஒரு படத்திலும் புள்ளி விழுந்ததில்லை.

இதுவரை எழுதிக் கவிதாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டுச் சிரிப்பு முகங்கள் பத்து அனுப்பினார். நேற்றுக் காலை இன்னொரு படம் வந்தது. வளையத்தைக் கழுவலாம் என்று துணியின் மடிப்புத் தையலைப் பிரித்திருக்கிறார்.

"அங்கிள், மடிப்புக்கு உள்ள ஒரு எல்லோ டாட் இருக்கு. ஃபங்கஸா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பின் உள்பக்கம், மர வளையத்துக்கும் வெளியே, எந்த வெளிச்சமும் எட்டாத இடமாகப் பார்த்து, குண்டூசித் தலை அளவுக்குத் தொட்டு வைத்த மஞ்சள்.

பூஞ்சை இல்லை, கழுவாதே, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன்.